பெட்டிக்குள் எலி

கடைசி பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்த சின்னதுரை, முன்னால் இருந்தவனின் முதுகுக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டான். இன்றைக்கு மாட்டினால் சனிக்கிழமை போச்சு. தியாகதுருகத்தில் கிரிக்கெட் ஃபைனல்; முதல் ஓவர் அவன்தான் போடவேண்டும்.

எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் அரையாண்டு அறிவியலில் கவிழ்ந்திருந்தார்கள். அதனால் தலைமையாசிரியை ராணியம்மாளே சாக்பீஸோடு வந்து நின்றுவிட்டார்.

“இன்னிக்கு நான் ஒருத்திதான் நிக்கப்போறேன். மத்த எல்லாரும் பெஞ்சுலதான். ஒவ்வொருத்தரா எந்திரிச்சி, இதுவரைக்கும் எங்க கோட்டை வுட்டீங்க, முழுஆண்டுக்குள்ள இன்னா பண்ணப்போறீங்கன்னு சொல்லணும். மழுப்பினா, பரீட்சை வரைக்கும் சனிக்கிழமையும் பள்ளிக்கூடம்தான்.”

சின்னதுரை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டான். சொல்வதற்கு என்ன இருக்கிறது? நாலாம் பாடத்துக்கு மேல் அவன் புத்தகத்தைப் பிரித்ததே இல்லை.

அது மலைமேல் பள்ளிக்கூடம்; மற்றவர்கள் எல்லாம் மலைக்குள்ளிருந்தே நடந்து வருகிறவர்கள். அவன் ஒருத்தன்தான் கீழேயிருந்து பஸ் ஏறி வருகிறவன். பனி மூடினால் பஸ் லேட் என்பான். பனி இல்லாத நாளில் டயர் பஞ்சர் என்பான். வெள்ளிக்கிழமை மத்தியானமானால் தவறாமல் வயிற்றுவலி வந்துவிடும், இறங்குகிற பஸ்ஸுக்குச் சரியாக.

“மாயவா, நீ ஆரம்பி.”

“கரண்டு பாடத்துல வுட்டுட்டேன் டீச்சர். பல்பு எரிய வெக்கிற சோதனைய செய்யவே இல்ல.”

“ஏன் செய்யல?”

“சயின்ஸ் பொட்டிய தொறந்தாதான டீச்சர். பின்னால ஓட்ட போட்டு எலி பூந்து, உள்ள குட்டி போட்டுக்கினு கீது. கீச்சு கீச்சுன்னு சத்தம் கேக்குது.”

வகுப்பே சிரித்தது. சின்னதுரை மட்டும் சிரிக்கவில்லை. பெட்டிச் சாவி ஆடி மாதத்திலிருந்து அவனிடம்தான் இருந்தது. பாக்கெட்டுக்குள் அது தொடையைக் குத்தியது.

“சரி, இனிமே இன்னா பண்ணுவ?”

“எலிய வெரட்டிட்டு பல்ப எரிய வெப்பேன் டீச்சர்.”

ராணியம்மாள் அதை அப்படியே போர்டில் எழுதினார். அடுத்து சின்னக்கண்ணு எழுந்தான்.

“செடி சோறாக்குற பாடம் நடக்கசொல்ல தூங்கிட்டேன் டீச்சர்.”

“நீ மட்டுமா?”

“எல்லாருந்தான்.”

“எல்லாருமா?”

சின்னக்கண்ணு கடைசி பெஞ்சை ஒரு பார்வை பார்த்தான். “எல்லாரும்னா எல்லாருந்தான் டீச்சர். இனிமே மூஞ்சி கழுவிக்கினு ஒக்காருவேன்.”

ஒவ்வொருத்தராக எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். போர்டு நிறைந்துகொண்டே வந்தது. சத்துணவுக் கூடத்திலிருந்து சாம்பார் வாசனை வந்தபோது சின்னதுரைக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. மணி அடித்துவிட்டால் தப்பித்தான்.

கடைசியாகச் செவ்வந்தி எழுந்தாள். வாய் கொஞ்சம் நீளம்.

“நான் ஒண்ணும் வுடல டீச்சர். தெரிஞ்சத எழுதிட்டேன். தெரியாதத யாராச்சும் சொல்லிக் குடுத்திருந்தா அதையும் எழுதியிருப்பேன்.”

“திமிரப் பாரு. முழுஆண்டுக்குள்ள இன்னா பண்ணப்போற?”

“தெனம் ஒரு கேள்வி கேக்கப்போறேன்.”

“யாரை?”

“யாரு முழிச்சிக்கினு இருக்காங்களோ அவங்கள.”

மணி அடித்தது. சின்னதுரை மெல்ல நிமிர்ந்து டிபன் பையைக் கையில் எடுத்தான். மனசுக்குள் முதல் ஓவருக்கு ஓட ஆரம்பித்துவிட்டான்.

ராணியம்மாள் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார். “எல்லாரும் சொல்லியாச்சில்ல?”

உட்காரப்போன செவ்வந்தி, உட்காராமல் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

“இல்ல டீச்சர், நம்ம சயின்ஸ் சாரு மட்டும் பாக்கி.”