வேறு குரல்

தொண்டைப் புற்றுக்காகக் குரல்வளையை எடுத்த பிறகு, சங்கரபாகம் தட்டுவதையெல்லாம் மடிக்கணினிதான் வாய்விட்டுச் சொல்கிறது. தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போன்ற, ஏற்ற இறக்கமில்லாத குரல். இப்போதெல்லாம் அது பாதிப் பேச்சில் நின்றுவிடுகிறது.

பார்க்க வந்த ரிப்பேர்க்காரர் உதட்டைப் பிதுக்கினார். "கம்ப்யூட்டர்ல இருக்கற ஓ.எஸ். ரொம்பப் பழசு அக்கா, இனி தாங்காது. புதுசு போட்டுடலாம். ஆனா இந்தக் குரல் அதுல ஓடாது. வேற குரல் வரும், நல்லாவே இருக்கும்."

சங்கரபாகத்தின் மனைவி தெய்வானை மடிக்கணினியைப் பார்த்தாள். அந்தக் குரல்தான் காலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, குழம்பில் உப்பில்லை என்று சலித்துக்கொள்கிறது. கனவில்கூட அவர் அந்தக் குரலில்தான் பேசுகிறார். அதற்கு முன்னால் அத்தனை வருடம் கேட்ட குரலை, என்ன முயன்றாலும் அவளால் காதுக்குள் கொண்டுவர முடியவில்லை. இதை அவரிடம் அவள் சொன்னதில்லை.

"இதையே எப்படியாவது ஓட்டிக் குடுங்க தம்பி" என்றாள்.

சங்கரபாகம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து நிதானமாகத் தட்டினார்.

"மாத்திடட்டும் தெய்வானை" என்றது கணினி. "இது என் குரலே இல்ல. என் குரல் உனக்கு ஞாபகம்"

அதோடு நின்றுவிட்டது.

அவர் முகத்தைப் பார்க்காமல் அவள் தலையை ஆட்டினாள். அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்ட ரிப்பேர்க்காரர், கணினியை மூடிப் பைக்குள் வைத்தார்.