சத்தமில்லாத கேபினட்

டவுன்ஸ்வில்லில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் கடைக்குள் வந்த ரோண்டா, ஒரு கம்ப்யூட்டர் கேபினட்டை என் மேசைமேல் தூக்கிப் போட்டாள். சுத்தியலால் அடித்துச் சப்பையாக்கியிருந்தாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. போன வாரம் அவள் புருஷன் கிளென்னுக்கு நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது அது. நாள் முழுக்க கேம் ஆடினாலும் சூடு ஏறாது; ஃபேன் சுற்றுவதே கேட்காது.

"அடிப்பாவி! இதை எதுக்கும்மா உடைச்சே?"

"நீ கழட்டி வச்ச பழைய கேபினட் இருக்கா, நெவில்?"

"அந்த ஏரோப்ளேன் இரைச்சலா? 'என் பொண்டாட்டி நிம்மதியா இருக்கட்டும்'னு கிளென் ஆசையா மாத்தினான். உனக்குக் கொடுத்து வைக்கல!"

கொளுத்தும் வெயிலிலும் போட்டிருந்த முழுக்கைச் சட்டையை அவள் தோள்வரை சுருட்டினாள். கை முழுக்கக் கன்றிப்போயிருந்தது.

"கேம்ல தோத்தா எந்திரிச்சு வந்து என்னை அடிப்பான். பழசுல ஆட்டம் முடிஞ்சதும் இரைச்சல் அடங்கும். உடனே ஓடிப்போய் ரூம் கதவைத் தாழ் போட்டுக்குவேன்" என்றாள் ரோண்டா. "நேத்து எனக்கு எதுவுமே கேக்கல."