பல்லில் கடித்த ஹேர்பின்

“அதை எடுத்துடுடி. அது நான்.”

“எல்லாமே நான்தான்க்கா, நல்லா…”

“கிராப்புத் தலைக்காரி, உனக்குக் கொண்டை ஏதுடி?”

அக்காவும் தங்கையும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஓவியக்காரத் தங்கை தன்னையே வரைந்த ஐந்து படங்கள் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன, நாளைக்குக் கண்காட்சி. கோபக்காரி, தூங்குமூஞ்சி, வேலைக்கு ஓடுகிறவள், அழுது முடித்தவள். ஐந்தாவதில் ஒருத்தி ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி, இரு கைகளையும் தூக்கிக் கொண்டை போடுகிறாள். ஜன்னல் வெயிலும் ஓரவஞ்சனையாக அந்த முகத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. அறை முழுக்க ஈரப் பெயின்ட்டின் நெடி.

“சின்ன வயசுல பென்சிலைக் கடிச்சுக்கிட்டு, கண்ணாடி முன்னாடி உன்ன மாதிரியே நிப்பேன். அவ்வளவு பொறாமை. அதுவும் நான்தானே?”

மாட்டேனென்று தலையை ஆட்டிய ஆட்டத்தில் அக்காவின் கொண்டை அவிழ்கிறது. கைகள் தாமாக மேலே எழ, ஹேர்பின் பல்லுக்குப் போகிறது. பாதியில் அதைப் பிடுங்கி உள்ளங்கையில் மூடிக்கொள்கிறாள். கூந்தல் முதுகில் சரிந்து கிடக்கிறது.

“உனக்கு நாலு முகம் இருக்கு. எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். இதையும் நீயே வச்சுக்கிட்டா, நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போறது?”