கையெழுத்து

நெருங்கி உட்காருங்க. இதைச் சத்தம் போட்டுச் சொல்ல முடியாது. சம்பந்தப்பட்ட அண்ணன்காரருக்குக் கேட்டால் இன்னமும் முகம் சிவந்துபோகும்.

அவருக்கு வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. தங்கச்சியைப் பார்க்கப் போன அன்னைக்கு, அவள் ஒரு வாஷிங் மெஷினுக்குள்ளே பாதி உடம்பை விட்டுக்கிட்டு இருந்தாள். பதினஞ்சு வருஷமா மெஷின் ரிப்பேர்தான் அவள் தொழில். அவள் கை பட்டா ஓடாத மெஷினும் ஓடும்.

மாப்பிள்ளை, ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டுறவர், ஒரு பேப்பரை மடிச்சு எடுத்துட்டு வந்தார். அடிப்பக்கம் மட்டும் தெரியற மாதிரி மடிப்பு.

"இந்தாம்மா, இங்க ஒரு கையெழுத்து."

அவள் துணியில கையைத் துடைச்சா, போட்டா, மறுபடியும் மெஷினுக்குள்ள போயிட்டா.

அண்ணன் இதைக் கவனிச்சுக்கிட்டே இருந்தார். ரெண்டு மாசத்துல அவர் கண்ணால பார்த்தே இது மூணாவது.

"என்ன பேப்பர்னு கேட்டியா?"

"வீட்டுப் பேப்பர்தாண்ணே. அதெல்லாம் அவர் பார்த்துக்குவார்."

"படிச்சியா?"

"மெஷின் புஸ்தகம் நாப்பது பக்கம் குடு, படிக்கிறேன். இதை யாரு படிப்பா?"

அவள் கவலையெல்லாம் வேற. ஆஸ்பத்திரியில பன்னிரண்டு பெரிய மெஷின், வருஷம் முழுக்கப் பார்த்துக்கிற வேலை. 'நீங்கதான் வேணும், ஆனா தொழிலைப் பதிவு பண்ணி வெள்ளிக்கிழமைக்குள்ள நம்பர் கொண்டு வரணும்'னு சொல்லிட்டாங்களாம்.

"அவர் பேர்லயே பதிஞ்சுடலாம்ணே. போன், பேங்க், வாடகைப் பத்திரம் எல்லாம் அவர் பேர்லதானே? ஜனங்களும் 'சார் இருக்காரா'ன்னுதான் கேக்கறாங்க."

வெளியே போயிட்டிருந்த மாப்பிள்ளை வாசல்லயே நின்னார்.

"என் பேரா? அதெல்லாம் வேண்டாம். என்னை இழுக்காதீங்க."

"ஏன் மாப்பிள்ளை?" அண்ணன் எழுந்தே நின்னுட்டார். "கையெழுத்து வாங்க மட்டும் அவ வேணும், பேர் குடுக்கணும்னா கசக்குதா?"

"மச்சான், வெள்ளிக்கிழமை காலையில பதிவு ஆபீசுக்கு வாங்க. அங்க பேசிக்கலாம்."

வராம இருப்பாரா? அண்ணன் நேரத்தோட போய் நின்னார். இன்னைக்கு நாலு பேர் முன்னாடி கேட்டே தீர்றதுன்னு ராத்திரியே வசனமெல்லாம் தயார் பண்ணியாச்சு.

ஜன்னலுக்குப் பின்னாடி கண்ணாடி போட்ட ஒரு அம்மா. இவங்களுக்கு முன்னாடி வந்த மூணு பேரையும் ஒரே மூச்சுல திருப்பி அனுப்பிட்டாங்க. பூட்டு ரிப்பேர்காரர் கெஞ்சிப் பார்த்தார்.

"கடை உங்களுது, போன் உங்க மச்சினன் பேர்ல, பேங்க் உங்க அப்பா பேர்ல. நான் யாருக்குங்க நம்பர் குடுக்கிறது? மாத்திட்டு அடுத்த வாரம் வாங்க."

தங்கச்சி முகம் வெளுத்துடுச்சு. "அண்ணே, நமக்கும் இதேதானே? ஆஸ்பத்திரி வேலை போச்சு" என்றாள்.

மாப்பிள்ளை ஒரு பையை ஜன்னல்ல வச்சார். அண்ணனுக்கு அதுக்கு மேல பொறுக்கல.

"அம்மா, ஒரு நிமிஷம்! இந்த மனுஷன் என் தங்கச்சிகிட்ட மடிச்ச பேப்பர்லயே கையெழுத்து வாங்கிட்டிருக்கார். என்னென்ன எழுதி வாங்கியிருக்கார்னு சத்தமாப் படிங்க. எல்லாரும் கேக்கட்டும்!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு, ஒவ்வொண்ணா எடுத்தாங்க.

"போன் இணைப்பு... மனைவி பேருக்கு மாத்தினது. தொழிலுக்குத் தனி பேங்க் கணக்கு... மனைவி பேர்ல. வாடகைப் பத்திரம்... மனைவி பேரும் சேர்த்தது. அடையாள அட்டையில பேர்ல ஒரு எழுத்து தப்பா இருந்திருக்கு, அதையும் திருத்தியாச்சு." பேப்பரையெல்லாம் தட்டி ஒண்ணா அடுக்கினாங்க. "இந்த வாரத்துல ஒரு தப்புகூட இல்லாம வந்த பை இது ஒண்ணுதான்."

அண்ணன் சுவத்தைப் பார்த்தார். மட்டமான பெயின்ட். அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தார்.

"என்கிட்ட ஏங்க சொல்லல?" என்றாள் தங்கச்சி.

"சொன்னா 'உங்க பேர்லயே இருக்கட்டும்'பே. பதினஞ்சு வருஷமா அதானே சொல்றே? வேலை செய்யறது நீ, பேர் மட்டும் எனக்கா? ரொட்டி வண்டிக்காரனுக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்? எனக்கே கூச்சமா இருக்காதா?"

கடைசி விண்ணப்பம் ஒண்ணு பாக்கி. மாப்பிள்ளை பழக்க தோஷத்துல அதையும் மடிக்கப் போனார்.

அவள் அதைப் பிடுங்கினாள். "நகருங்க. இனிமே படிக்காம எதுலயும் போட மாட்டேன்."

அஞ்சு பக்கம். வரிசை காத்திருந்தது. பூட்டுக்காரர்கூடப் போகாம நின்னு பார்த்தார். 'தொழில் நடத்துபவர்'ங்கற இடத்துல தன் பேரை ரெண்டு தடவை படிச்சா. அப்புறம் போட்டா பாருங்க ஒரு கையெழுத்து, கட்டத்தை விட்டு வெளியே வந்துடுச்சு. அந்த அம்மா முத்திரையைக் குத்தினாங்க.

மூணு பேரும் படி இறங்கும்போது போன் அடிச்சது. வழக்கம்போல மாப்பிள்ளைதான் எடுத்தார்.

"சார் இருக்காரா? மெஷின்ல தண்ணி இறங்க மாட்டேங்குது."

"சார் யாரும் இல்லீங்க. நான் ஓனரோட வீட்டுக்காரர். இருங்க, ஓனர்கிட்டயே குடுக்கறேன்."

போனைச் சட்டையில துடைச்சு, ரெண்டு கையாலயும் அவகிட்ட நீட்டினார்.