பதினாலாம் நம்பர் அறை

படகு கிளம்பிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது, இதில் பாதி வழியில் இறங்க முடியாது என்று.

பேருந்து என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடலாம். கடலில் வயிறு வலித்தால் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கல்யாணம் ஒரு தீவில். கரையில் மண்டபங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் வருகிறவனைப் படகில் ஏற்றி, காதில் காற்றடித்து, குமட்ட வைத்துக் கூட்டிப்போனால்தான் இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு ஒரு கௌரவம்.

படகின் நெற்றியில் 'இரு ஆன்மாக்களின் சங்கமம்' என்று எழுதிக் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே, 'உயிர்காப்புச் சட்டை அணியவும்.'

எல்லோரும் முத்து வெண்மையில் வரவேண்டும் என்று உத்தரவு. முத்து வெண்மைக்கும் வெறும் வெள்ளைக்கும் என்ன வித்தியாசம் என்று துணிக்கடைக்காரருக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரி ஊழியர்கள் கூண்டோடு சுற்றுலா கிளம்பியது போலிருந்தது படகு.

அவன் கைக்குட்டையை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

உதடு தன்பாட்டுக்கு முணுமுணுத்தது: ஹாஸ்டல். பதினாலாம் நம்பர் அறை. வார்டன் போட்ட முட்டைக்கோஸ் பாத்தி. ஒரு இடத்தில் தடுமாறினாலும் போச்சு, மானம் கப்பலேறிவிடும். ஆள் ஏற்கெனவே ஏறியாயிற்று.

முன்பு ஒரு கல்யாணத்தில் பாதிச் சாப்பாட்டில் கையைப் பிடித்து எழுப்பிவிடப்பட்டவன் அவன். அந்த மாதிரி இன்னொரு தடவை என்றால் தாங்காது.

பக்கத்தில் கல்யாணப் பெண்ணின் அத்தை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஓய்வு பள்ளிக்கூடத்திலிருந்துதான், கேள்விகளிலிருந்து அல்ல.

"மாப்பிள்ளைக்கு நீங்க எப்படிப் பழக்கம் தம்பி?"

"காலேஜ்ங்க. ஹாஸ்டல்ல ஒரே ரூம். பதினாலு."

அத்தையின் புருவம் மேலேறியது.

"இதென்ன கூத்து! இப்பத்தான் அவரும் பதினாலுன்னார்" என்று எதிர்ப் பலகையைக் காட்டினார். "ரூமுக்கு மூணே கட்டிலாமே. ஏறினதுலேருந்து எதிரும் புதிருமா உக்காந்திருக்கீங்க, ஒருத்தரை ஒருத்தர் ஏன்னுகூடக் கேக்கலையே?"

எதிரே ஒரு வழுக்கைத் தலைக்காரர். அதுவரை கடலை வாடகைக்கு எடுத்தவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது திரும்பினார்.

அவன் கைக்குட்டையை இன்னொரு மடி மடித்தான். நிஜமான ரூம்மேட். போயும் போயும் இந்தப் படகிலா வரவேண்டும்!

அத்தை விடுவதாக இல்லை. "எங்க பொண்ணு நாப்பத்தஞ்சு வயசுல ஒருத்தரை நம்பி வர்றா. மாப்பிள்ளை பக்கம் ஈ காக்கா காணோம்னு எங்க அண்ணன் சரியாத் தூங்குறதே இல்ல. ஏதாவது ஏறுமாறா இருந்துச்சு, இதே படகுல பொண்ணைக் கூட்டிட்டுத் திரும்பிடுவோம்."

வழுக்கைக்காரர் எழுந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி அவனை நோக்கி வந்தார்.

அவன் உயிர்காப்புச் சட்டையின் வாரை இறுக்கிக்கொண்டான்.

முதுகில் பொளேர் என்று ஒரு அறை விழுந்தது.

"டேய், நீயா! தொப்பைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா எப்படிடா அடையாளம் தெரியும்?"

இவனை வேறு யாரோ என்று நினைத்துவிட்டார். போன உயிர் அவனுக்குத் திரும்பி வந்தது.

"உன் தலை அடிக்கிற வெளிச்சத்துல கண்ணு கூசுது. நான் எங்கடா உன் மூஞ்சியப் பாக்கிறது?"

அத்தை முதல்முறையாகச் சிரித்தார்.

வழுக்கைக்காரர் அந்தக் கதையை எடுத்தார். மாப்பிள்ளை ராத்திரி ஹாஸ்டல் சுவரேறிக் குதித்தது, வார்டனின் முட்டைக்கோஸ் பாத்தியில் போய் விழுந்தது. எருமை புகுந்துவிட்டதாக மறுநாள் வார்டன் நோட்டீஸ் ஒட்டியதை இவன் சொல்லி முடித்தான். இருவரும் ஒரே இடத்தில், ஒரே அளவுக்குச் சிரித்தார்கள்.

இன்னும் மாப்பிள்ளை பாக்கி. அவர் இந்த முகத்தைப் பார்த்து ஒரு நொடி திருதிருவென்று விழித்தால் போதும், அத்தைக்கு விளங்கிவிடும்.

படகு கரைக்கு முன்னாலேயே நின்றது. விருந்தினர்கள் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தால்தான் வீடியோவில் எடுப்பாக இருக்குமாம். தலைக்கு மேலே ஒரு டிரோன், பெரிய கொசு மாதிரி சுற்றியது.

மணலில் ஒரு பக்கம் பெண் வீட்டார், திருவிழாக் கூட்டம் போல. இன்னொரு பக்கம் மாப்பிள்ளை. அவர் பக்கத்தில் இரண்டு அலங்காரத் தூண்கள் மட்டும் நின்றன.

"டேய் பசங்களா!"

ஐம்பதை நெருங்கிய மனுஷர், முத்து வெண்மையை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் ஓடிவந்தார். இருவரையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். படகிலிருந்து அத்தை மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. போட்டோக்காரர், "அப்படியே இருங்க, அப்படியே இருங்க" என்று கத்தினார்.

மாப்பிள்ளை இவன் காதருகே வந்து சன்னமாகக் கேட்டார்.

"மூணு ஃப்ரெண்டு அனுப்புறோம்னு உங்க கம்பெனியில சொன்னாங்களே சார். ரெண்டு பேர்தான் வந்திருக்கீங்க?"

அவன் வழுக்கைக்காரரைப் பார்த்தான். வழுக்கைக்காரர் அவனைப் பார்த்தார். பாவிகள், இரண்டு பேருக்கும் ஒரே முட்டைக்கோஸைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"அழுறதுக்குன்னு ஒருத்தரைத் தனியாக் கேட்டிருந்தேன்" என்றார் மாப்பிள்ளை. "அவர் வரலையா?"

போட்டோக்காரர் போதும் என்று சொல்லியும் மாப்பிள்ளையின் பிடி தளரவில்லை.

கடல் முழங்கால் அளவுதான் இருந்தது. அவன் தோள்பட்டை நனைந்திருந்தது.