டொக்டரின் கடிதம்

மூன்று மாதமாக மாட்டேன் என்று நின்ற இராசநாயகம் அன்றைக்குத்தான் பேனையைக் கையில் எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து, காப்புறுதி முகவர் ஜெனிற்றா படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "குறை நினையாதேங்கோ அண்ணை. இப்ப இதை எழுதேலாது."

தக்சாயினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணவருடைய பெயரில் ஆயுள் காப்புறுதி ஏற்கெனவே இருந்தது. அதோடு புற்றுநோய்க்கென்று இன்னொன்றையும் சேர்க்கச் சொல்லி, இதே ஜெனிற்றாதான் உடுப்பிட்டி வெயிலில் ஸ்கூட்டியில் நாலு தரம் வந்துபோனவள்.

"ஆசுப்பத்திரியிலை வைத்தியம் காசில்லாமல் சும்மாதானே செய்யினம். பேந்தென்னத்துக்கு உது?" என்று இராசநாயகம்தான் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

"வைத்தியம் சும்மாதான். என்ரை அண்ணை தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆசுப்பத்திரியும் வீடுமாத் திரிஞ்ச ஒரு வருசம், அவையின்ரை தோட்டத்தை ஆர் பார்த்தது? அடுப்பு எப்பிடி எரிஞ்சது?" என்று தக்சாயினி கேட்டுக் கேட்டுத்தான் மனிதர் இறங்கிவந்தார்.

இப்போது இவள் இப்படிச் சொல்கிறாள்.

"ஏன் எழுதேலாது?"

ஜெனிற்றா இராசநாயகத்தைப் பார்த்தாள். தேத்தண்ணியோடு வைத்த வடையைக் கடித்து, வாயின் ஒரு பக்கமாக ஒதுக்கி அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

"வாய்க்குள்ளை என்ன அண்ணை?"

"வெத்திலைச் சுண்ணாம்பு சுட்டது பிள்ளை. ரெண்டு மாசமாக் கிடக்கு. ஒண்டுமில்லை."

"வெத்திலை போடுற ஆக்களெண்டால் பெரியாசுப்பத்திரியிலை வாயைக் காட்டி, டொக்டரிட்டைக் கடிதம் எடுத்துக்கொண்டு வரவேணும். அது கொம்பனிச் சட்டம்."

"இவ்வளவு நாளும் உந்தச் சட்டம் எங்கை போனது? அவர் வெத்திலை போடுறது உமக்குத் தெரியாதோ?" தக்சாயினியின் குரல் உயர்ந்தது.

ஜெனிற்றா படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். தேத்தண்ணியையும் குடிக்காமல் எழும்பிப் போனாள்.

"நல்லா இருக்கேக்கை பின்னாலை திரியினம். ஒரு புண்ணைக் கண்ட உடனை, கொம்பனிக்கு நட்டம் வந்திடுமெண்டு ஓடினம்!" படலையைச் சாத்திக்கொண்டே தக்சாயினி சொன்னாள். ஜெனிற்றாவின் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள்.

இராசநாயகத்துக்கும் ரோசம் வந்துவிட்டது. "நாளைக்கே கடிதத்தை எடுத்து அவவின்ரை முகத்திலை எறியிறன்."

அது அவ்வளவு சுகமாக முடியவில்லை. டொக்டர் லைற் அடித்துப் பார்த்தார். கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாகத் தடித்திருந்தது. அதில் சின்னத் துண்டொன்றை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர இரண்டு கிழமை பிடித்தது. அதற்குள் வெற்றிலைத் தட்டு தானாக அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது.

"இன்னும் புற்றுநோயாகேல்லை," முடிவைப் பார்த்துவிட்டு டொக்டர் சொன்னார். "ஆகிறதுக்கு முதல் வந்திட்டியள். அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடுவம். இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தால் நான் வேறை கதை சொல்லவேண்டி வந்திருக்கும்."

கேட்டபடி கடிதமும் எழுதித் தந்தார்.

தக்சாயினி வெளியே வாங்கில் வந்து இருந்து, கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அந்தப் பிள்ளையை நான் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாதப்பா."

"நெல்லியடியிலை இறங்கி, காப்புறுதிக் கந்தோரிலை கடிதத்தையும் குடுத்து, ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போவம்," என்றார் இராசநாயகம்.

கந்தோரில் ஜெனிற்றா இல்லை. இளம் மனேஜர் ஒருவர் கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதென்னத்துக்கு அம்மா?"

"வெத்திலை போடுற ஆக்கள் குடுக்கவேண்டிய கடிதம் தம்பி. கொம்பனிச் சட்டமெண்டு ஜெனிற்றா கேட்டவ."

மனேஜர் குழம்பிப்போய் அவர்களைப் பார்த்தார்.

"அப்பிடி ஒரு சட்டம் எங்களிட்டை இல்லையே! ஐயா படிவத்திலை ஒரு கையெழுத்து வைச்சிருந்தாலே காணும், அவவுக்குக் கொமிசனும் வந்திருக்குமே!"