வளைவில் திரும்பும் முகம்

ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதோடு ஒட்டிவைத்து அவர் கண்ணை மூடினார். மறுமுனை இன்ஜின்மேல் இருந்தது.

தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம். எதிரே டீக்கடையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"லேசாத்தான் இருக்கு," என்றார்.

மெக்கானிக் ஜாபர் பக்கத்தில் நின்ற அவர் மனைவியைப் பார்த்தான். அவள் என்ன சொல்வாள்? கட்டியவரின் வீம்பு ஊருக்கே தெரியும். பிடித்தால் குரங்குப்பிடி.

இன்ஜினுக்குள் ஓடுகிற டைமிங் செயின் தேய்ந்து தொங்குகிறது என்றான் ஜாபர். அறுந்தால் இன்ஜின் அங்கேயே நின்றுபோகும், பிரேக் மிதிக்க முடியாமல் கல்லாகிவிடும், இவ்வளவு கேரட் மூட்டையோடு மலை இறங்க வேண்டாம் என்றான். அவன் பேசி முடிப்பதற்குள் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு போய் வண்டியில் ஏறிவிட்டார்.

கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டால் என்ன குறைந்துபோகும் என்று ஜாபர் அவளிடம் குறைப்பட்டுக்கொண்டான். அவருக்காக அவள் மன்னிப்புக் கேட்டாள். பிறகு ஓடிப்போய்ப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்கு. வண்டி ஓட்டுவது அவர். மார்க்கெட்டில் பேரம் பேசுவது அவள். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான்.

மலையில் ஒரு முறை உண்டு. வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்க வேண்டும். கீழேயிருந்து பதில் ஹாரன் வந்தால், இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும்.

அவர் இன்னொன்றும் செய்வார். ஹாரன் அடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார்.

கொஞ்ச காலமாகத்தான் இப்படி. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பார்ப்பார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்தவரில்லை. கிழவருக்கு இப்போதுதான் ஆசை பொங்குகிறது என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். சிரித்தாலும், கிளம்புமுன் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொள்வாள். தலையில் கனகாம்பரம் வைக்க ஆரம்பித்தாள்.

அவர் பார்க்கும்போதெல்லாம் அவள் சிரிப்பாள். அவரும் நிம்மதியாக வண்டியைத் திருப்புவார்.

முதல் வளைவு வந்தது. ஹாரன் அடித்தார். பார்த்தார். அவள் சிரித்தாள்.

இரண்டாவது வளைவு. ஹாரன் அடித்தார். பார்த்தார்.

கீழேயிருந்து பஸ்ஸின் ஹாரன் நீளமாகக் கேட்டது.

வண்டி போய்க்கொண்டே இருந்தது.

அவள் முகம் தன்னால் சத்தம் வந்த பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகுதான் அவர் பிரேக்கை மிதித்தார். கண்ணாடியை உரசாத குறையாகப் பஸ் ஏறிப் போயிற்று.

அவள் அவரையே பார்த்தாள்.

போன மாதம் அவள் கொஞ்சம் கண்ணயர்ந்தபோது ஒரு ஜீப் இடிக்க வந்தது. ஒருநாளும் கடிந்து பேசாதவர், வண்டியில் இனித் தூங்கவே கூடாதென்று அன்று கத்தினார். இன்றைக்கு ஜாபர் பேசப்பேசத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஊருக்கே கேட்ட சத்தத்தை லேசாக இருக்கிறது என்றார்.

வீம்பு இல்லை. காதுகொடுத்துக் கேட்க அவரிடம் காது இல்லை.

செயினை மாற்றிவிடலாம். ஜாபரே மாற்றித் தருவான். ஆனால் இதைச் சொல்லிவிட்டால் இந்த ஸ்டியரிங்கை அவர் விட்டாக வேண்டும். இதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. சொல்லாவிட்டால் இன்னும் எத்தனையோ வளைவு இருக்கிறது.

மூன்றாவது வளைவு. ஹாரன் அடித்தார். பார்த்தார்.

கீழே ஒரு சத்தமும் இல்லை.

பஸ் வருகிறது என்று கையைக் காட்டினாள். அவர் வண்டியை ஓரங்கட்டிக் காத்திருந்தார்.

ஒரு குரங்கு குட்டியோடு சாலையைத் தாண்டிப் போனது. பஸ் வரவில்லை. இன்ஜின் மட்டும் நின்ற இடத்தில் கரகரத்துக்கொண்டிருந்தது.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பஸ்ஸு வரலீங்க. நான் சும்மா சொன்னேன்."

அவர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்.

அவளால் தாங்க முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு அவர் வளைவைப் பார்த்தார். காலியான சாலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். உதடு நன்றாகத் தெரியும்படி கேட்டாள்.

"எப்ப இருந்துங்க?"

அவர் சாவியை உருவி அவள் மடியில் வைத்தார்.

"நீ பூ வெக்க ஆரம்பிக்கறதுக்கு முந்தியே."

கீழேயிருந்து ஹாரன் கேட்டது. இந்த முறை நிஜமாகவே ஒரு பஸ். அவள் திரும்பவில்லை.

வண்டி ஓரத்தில்தான் நின்றிருந்தது. எதிரே வண்டி வருகிறதா என்று இனி அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஆனாலும் அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.